சொன்னால் கேட்காத பூனை: பழக்க முடியுமா? வீட்டில் சமாளிப்பது எப்படி?

அதிகாலை 4 மணி. சென்னை வேளச்சேரியில் மூன்றாவது மாடி ஃபிளாட் ஒன்று. ஐ.டி. வேலை பார்க்கும் இளம் தம்பதி, இரவு 1 மணிக்குத்தான் லேப்டாப்பை மூடிவிட்டுப் படுத்திருக்கிறார்கள். படுக்கையறைக் கதவுக்கு வெளியே ஒரு ‘மியாவ்’. பதில் இல்லை என்றதும் இன்னும் கொஞ்சம் நீளமாக இன்னொன்று. அப்புறம் கதவைப் பிராண்டும் சத்தம். கடைசியில் ஒருவர் தூக்கக் கலக்கத்தோடு எழுந்து போய், கிண்ணத்தில் கொஞ்சம் கேட் ஃபுட் கொட்டிவிட்டு வந்து படுக்கிறார். வீடு அமைதியாகிறது.

மறுநாள்? அதே 4 மணி. அதே மியாவ்.

தெருவில் கிடைத்த ஆரஞ்சு நிற நாட்டுப் பூனை அது. 8 மாத ஆண். பெயர் சிம்பா என்று வைத்துக்கொள்வோம். புது சோஃபாவின் கைப்பிடி நார் நாராகிவிட்டது. வீட்டுக்கு வந்த நண்பர் கையில் கீறல். போன வாரம் மெத்தையில் சிறுநீர், இந்த வாரம் மறுபடியும். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா தீர்ப்பே சொல்லிவிட்டார்: “இதுக்கெல்லாம் புத்தி வராதுப்பா. பையில போட்டு மீன் மார்க்கெட் பக்கம் விட்டுட்டு வந்துடு. அதுபாட்டுக்குப் பொழைச்சுக்கும்.”

சிம்பா கற்பனைப் பூனைதான். ஆனால் பூனை வளர்க்கும் பலருக்கு இந்தக் காட்சிகளில் ஒன்றாவது ‘அட, இது நம்ம வீடுதானே’ என்று தோன்றும். அம்மா சொன்ன யோசனையும் புதிதல்ல. ஆனால் ஃபிளாட்டுக்குள் வளர்ந்த பூனைக்கு வண்டிகளையும் தெரியாது, தெருநாய்களையும் தெரியாது. ஏற்கெனவே அங்கே எல்லை பிரித்து வாழும் பூனைகள் அதைச் சேர்த்துக்கொள்ளப் போவதும் இல்லை. பசியிலும் தாகத்திலும் தவிக்கும் நிலையில் ஒரு விலங்கைக் காரணமின்றிக் கைவிடுவது, 1960-ம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

அப்படியானால் வேறு வழி என்ன? பூனையைப் பழக்க முடியுமா?

‘நாய்க்குதான் புத்தி உண்டு’ என்பது உண்மையா?

இல்லை. விலங்குகள் எப்படிக் கற்கின்றன என்ற ஆய்வின் ஆரம்ப கால நாயகனே பூனைதான். அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக், 1898-ல் வெளியிட்ட ஆய்வுக்காகப் பசியோடு இருந்த பூனைகளை மரப்பெட்டிகளுக்குள் விட்டார். பெட்டிக்கு வெளியே உணவு. உள்ளே இருக்கும் கயிற்றை இழுத்தாலோ கட்டையை அழுத்தினாலோ கதவு திறக்கும். முதலில் பூனைகள் கண்டபடி பிராண்டின. தற்செயலாகக் கதவு திறந்தது. அடுத்தடுத்த முறை விட்டபோது, வெளியே வர எடுத்துக்கொண்ட நேரம் குறைந்துகொண்டே வந்தது. எந்தச் செயலுக்குப் பின் நல்லது நடக்கிறதோ, அந்தச் செயல் மறுபடியும் நடக்கும் என்ற அடிப்படை விதி அங்கிருந்துதான் வந்தது.

2017-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், காப்பகத்தில் இருந்த 100 பூனைகளுக்கு 2 வாரங்களில் 15 முறை, ஒவ்வொரு முறையும் வெறும் 5 நிமிடம் பயிற்சி கொடுத்தார்கள். நீட்டிய குச்சியின் நுனியை மூக்கால் தொடுவதைப் பெரும்பாலான பூனைகள் கற்றுக்கொண்டன. சில பூனைகள் உட்காரவும், சுற்றவும், கையைத் தட்டி ‘ஹை-ஃபைவ்’ கொடுக்கவும் பழகின.

அப்புறம் ஏன் இந்தக் கெட்ட பெயர்? நாய் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதனோடு சேர்ந்து வேலை செய்யத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டது. பூனையின் கதை வேறு. தானியம் சேமிக்கும் இடத்துக்கு எலி வந்தது, எலியைத் தேடிப் பூனை வந்தது, மனிதனும் ‘இருந்துட்டுப் போகட்டும்’ என்று விட்டுவிட்டான். ‘சபாஷ்’ என்று சொன்னால் நாய்க்கு அதுவே பெரிய பரிசு. பூனைக்கோ, ‘இதைச் செய்தால் எனக்கு என்ன கிடைக்கும்?’ என்பதற்குத் தெளிவான பதில் வேண்டும்.

அதற்காகப் பாசமே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். 2019-ல் வெளியான ஆய்வொன்றில், சோதித்த குட்டிகளில் சுமார் 64 சதவீதம், தன்னை வளர்ப்பவர் அருகில் வந்ததும் பதற்றம் தணிந்து, பாதுகாப்பாக உணர்ந்தது தெரியவந்தது. அதே ஆண்டு ஜப்பானில் நடந்த ஆய்வு, மற்ற சொற்களிலிருந்து தன் பெயரைப் பூனைகளால் பிரித்தறிய முடியும் என்று காட்டியது. ஆக, நீங்கள் கூப்பிடுவது சிம்பாவுக்குக் கேட்கிறது. வருவதா வேண்டாமா என்பதைத்தான் அது யோசிக்கிறது!

அடித்தால், தண்ணீர் அடித்தால் திருந்தாதா?

பலரும் செய்யும் முதல் தவறு இதுதான். சோஃபாவைப் பிராண்டியதும் ஒரு தட்டு, மேஜையில் ஏறியதும் ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர், மெத்தையை நனைத்தால் மூக்கை அந்த ஈரத்தில் வைத்துத் தேய்ப்பது.

ஒரு செயலையும் அதன் விளைவையும் பூனை இணைத்துப் பார்க்க, இரண்டும் ஓரிரு நொடிகளுக்குள் நடக்க வேண்டும். காலையில் நனைத்த மெத்தைக்கு மாலையில் திட்டினால், ‘இவர் ஆபீஸிலிருந்து வந்தால் கத்துவார்’ என்பது மட்டும்தான் அதற்குப் புரியும். கையும் களவுமாகப் பிடித்துத் தண்ணீர் அடித்தாலும், ‘இவர் இருக்கும்போது மேஜையில் ஏறக் கூடாது’ என்றுதான் கற்றுக்கொள்ளும். நீங்கள் அந்தப் பக்கம் போனதும் மேஜை அதனுடையது.

இதைவிடப் பெரிய சிக்கல் பயம். பயந்த பூனை ஒளிந்துகொள்ளும், கடிக்கும், கண்ட இடத்தில் சிறுநீர் கழிக்கும். அதாவது, எதை நிறுத்த நினைத்து அடிக்கிறோமோ, அதையே அடி அதிகப்படுத்துகிறது.

அப்போ எப்படித்தான் பழக்குவது?

மூன்று விஷயங்கள் போதும்: பிடித்த தின்பண்டம், சரியான நொடி, குறைந்த நேரம்.

தின்பண்டம் என்றதும் பிஸ்கட்டை எடுக்காதீர்கள். இனிப்புச் சுவையை உணரும் மரபணு பூனைகளிடம் செயலிழந்துவிட்டது. சர்க்கரை அதற்குப் பரிசே இல்லை. உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழி இறைச்சியைக் கடலைப்பருப்பு அளவுக்குப் பிய்த்து வைத்துக்கொண்டால் போதும். வெங்காயம், பூண்டு சேர்ந்த எதுவும் கூடாது, இரண்டும் பூனைக்கு நஞ்சு. சாப்பிட்டு முடித்த வயிற்றோடு பழக்காமல், சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன் தொடங்குங்கள்.

கையோடு இன்னொன்று. தயிர் சாதமும் பாலும் பூனைக்கு முழு உணவாகாது. உடலுக்குக் கட்டாயம் தேவைப்படும் டாரின் போன்ற சத்துகள் இறைச்சியிலிருந்துதான் கிடைக்கும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்கவும் செரிக்காது. அசைவம் சமைக்காத வீடு என்றால், முழுமையான சத்துள்ள கேட் ஃபுட் வாங்கி வைப்பதே வழி.

பயிற்சியைப் பெயரிலிருந்து தொடங்கலாம்:

* பூனை ஓரிரு அடி தூரத்தில் இருக்கும்போது பெயரைச் சொல்லுங்கள். திரும்பிப் பார்த்த நொடியிலேயே ‘குட்’ என்று சொல்லி ஒரு துண்டு கொடுங்கள்.
* ஒரு நாளைக்கு இரண்டு முறை, 3 முதல் 5 நிமிடம் போதும். பூனை எழுந்து போனால் வகுப்பு முடிந்தது. இழுத்துப் பிடிக்க வேண்டாம்.
* சில நாள் கழித்துப் பக்கத்து அறையிலிருந்து கூப்பிடுங்கள். வந்தால் இரண்டு துண்டு.
* அந்தப் பெயரைச் சொல்லித் திட்டவே திட்டாதீர்கள். மருந்து கொடுக்கவோ நகம் வெட்டவோ கூப்பிடாதீர்கள், நீங்களே போய்த் தூக்குங்கள்.

‘டிக்’ என்று ஒலி எழுப்பும் கிளிக்கர் கருவியும் கடைகளில் கிடைக்கிறது. மூடியை அழுத்தினால் டிக் அடிக்கும் பால்பாயின்ட் பேனாவே அந்த வேலையைச் செய்துவிடும். ‘நீ இப்போது செய்தது சரி’ என்று அந்த நொடியைக் குறித்துக் காட்டுவதற்குத்தான் ஒலி. ஒலி வந்தால் தின்பண்டமும் கட்டாயம் வர வேண்டும்.

சமையலறை மேடையில் ஏறுகிறதா? ‘ஏறாதே’ என்பதைப் பூனைக்குச் சொல்லித்தர முடியாது, ‘இங்கே உட்கார்’ என்பதைச் சொல்லித்தரலாம். மேடைக்குப் பக்கத்தில் அதே உயரத்தில் ஒரு ஸ்டூல் போட்டு, அதில் உட்காரும்போதெல்லாம் ஒரு துண்டு கொடுங்கள். மீன் வெட்டிய தட்டை மேடையிலேயே விட்டுவிட்டுப் பூனையைக் குறை சொல்வதில் நியாயமில்லை, இல்லையா?

4 மணி அலாரத்தை நிறுத்துவது எப்படி?

பூனைக்கு இயல்பாகவே சுறுசுறுப்பு கூடும் நேரம் விடியலும் அந்தியும். அது வேட்டை நேரம். பகலெல்லாம் ஆளில்லாத வீட்டில் தூங்கிய பூனை, நீங்கள் படுத்த பிறகு ஓட்டப்பந்தயம் நடத்துவதில் ஆச்சரியமில்லை.

ஆனால் சிம்பா கதவருகே வந்து கத்துவது இயல்பு மட்டுமல்ல, அது வீட்டில் கற்ற பாடம். அழுத பிள்ளைதானே பால் குடிக்கும்? கத்தினால் கிண்ணம் நிறைகிறது. எழுந்து வந்து திட்டினாலும், தனியாக இருந்த பூனைக்கு அது கவனிப்புதான்.

தீர்வு இரவிலேயே தொடங்க வேண்டும். படுக்கும் முன் 10 நிமிடம், குச்சி நுனியில் இறகு கட்டிய பொம்மையால் ஓடவிட்டு, தாவவிட்டு, கடைசியில் பிடிக்கவிடுங்கள். லேசர் ஒளியில் விளையாடினால் பிடிக்க எதுவும் இருக்காது, அதனால் முடிவில் ஒரு தின்பண்டம் கொடுங்கள். விளையாட்டு முடிந்ததும் அன்றைய கடைசிச் சாப்பாடு. வேட்டையாடு, சாப்பிடு, உடம்பை நக்கிச் சுத்தம் செய், தூங்கு. இதுதான் பூனையின் வரிசை. அதை உங்கள் தூக்க நேரத்தோடு பொருத்துகிறீர்கள், அவ்வளவுதான்.

காலைச் சாப்பாட்டை, நேரம் வைத்தால் தானாகத் திறக்கும் ஃபீடரில் போட்டுவிடலாம். அப்போது பூனை உங்கள் கதவைவிட்டு அந்தப் பெட்டியைப் பார்த்து உட்கார ஆரம்பிக்கும். ஃபீடர் இல்லையென்றால், எழுந்தவுடன் உணவு வைக்காமல், பல் தேய்த்து காபி போட்ட பிறகு வையுங்கள்.

ஓர் எச்சரிக்கை. கத்துவதைக் கண்டுகொள்ளாமல் விட்டால், சத்தம் குறைவதற்கு முன் முதல் சில நாள் அதிகமாகும். 5 நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு 6-வது நாள் எழுந்து போனால், ‘அரை மணி நேரம் கத்தினால் கிடைக்கும்’ என்ற புதுப் பாடத்தை நீங்களே நடத்தியதாகிவிடும். வீட்டில் இருக்கும் எல்லோரும் ஒரே முடிவில் நிற்க வேண்டும். ஒருவர் ‘பாவம்’ பார்த்தாலும் கதை முதலிலிருந்து. அதே சமயம், இதுவரை கத்தாத வயதான பூனை திடீரென இரவில் கத்த ஆரம்பித்தால் அது வேறு விஷயம். மருத்துவரிடம் காட்டுங்கள்.

சோஃபாவை ஏன் குறிவைக்கிறது?

பிராண்டுவது பூனைக்குக் குறும்பல்ல, தேவை. நகத்தின் மேலுறை கழல்கிறது, முதுகும் தோளும் நீள்கின்றன, பாதத்தில் உள்ள சுரப்பிகள் ‘இது என் இடம்’ என்று வாசனையைப் பதிக்கின்றன. அதை நிறுத்த முடியாது, இடத்தை மாற்றலாம்.

* பின்னங்காலில் நின்று முழுதாக நீட்டும் அளவுக்கு உயரமான கட்டை வேண்டும். தொட்டதும் ஆடினால் பூனை அந்தப் பக்கமே வராது.
* கனமான மரக்கட்டையில் சணல் கயிற்றை நெருக்கமாகச் சுற்றினால் வீட்டிலேயே தயார்.
* அதை பால்கனி மூலையில் தள்ளாதீர்கள். பிராண்டும் சோஃபாவுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். தூங்கி எழும் இடத்தருகே இன்னொன்று.
* சோஃபா கைப்பிடியில் சில வாரம் வழவழப்பான பிளாஸ்டிக் உறையோ இருபக்க டேப்போ போடுங்கள்.
* கட்டையைப் பிராண்டும் ஒவ்வொரு முறையும் பாராட்டும் ஒரு துண்டும்.

நகத்தின் கூரான நுனியை மட்டும் இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெட்டிவிடலாம். உள்ளே தெரியும் இளஞ்சிவப்புப் பகுதியைத் தொட்டால் ரத்தம் வரும். நகத்தையே நீக்கும் அறுவைசிகிச்சை என்பது விரலின் கடைசி எலும்பைத் துண்டிப்பது. பல நாடுகளில் அதற்குத் தடை இருக்கிறது. அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

கடிப்பதும் கீறுவதும்

குட்டியாக இருந்தபோது கையை ஆட்டி விளையாட்டுக் காட்டியது நாம்தான். அப்போது கூசியது, 8 மாதத்தில் ரத்தம் வருகிறது. கை விளையாட்டுப் பொருளல்ல என்ற விதியை இன்றே தொடங்குங்கள். கடித்தால் கையை வெடுக்கென இழுக்காதீர்கள், ஓடும் இரையைப் பிடிப்பதுதான் அதன் இயல்பு. அசையாமல் நின்று, பிடி தளர்ந்ததும் எழுந்து போய்விடுங்கள். விளையாட்டு நின்றுபோவதே போதுமான பாடம்.

தடவிக்கொண்டிருக்கும்போதே சட்டெனக் கடிக்கிறதா? அது ‘சட்டென’ நடப்பதில்லை. வால் நுனி துடிக்கும், முதுகுத் தோல் அதிரும், காது பக்கவாட்டில் திரும்பும். இவை மூன்றும் ‘போதும்’ என்பதற்கான அறிகுறிகள். பெரும்பாலான பூனைகளுக்குக் கன்னம், தாடைக்கடி, காதோரம் தடவினால் பிடிக்கும், வயிற்றைத் தொட்டால் பிடிக்காது.

வீட்டுக்கு வரும் விருந்தாளிகளுக்கும் ஒரு டிப்ஸ். பூனையை நோக்கிப் போகாமல் உட்கார்ந்து, கண்களை மெதுவாகச் சுருக்கி மூடித் திறக்கச் சொல்லுங்கள். இப்படிச் செய்தவரிடம் பூனைகள் நெருங்கி வருவது அதிகம் என்று பிரிட்டன் ஆய்வாளர்கள் 2020-ல் கண்டறிந்தார்கள்.

கடியோ கீறலோ பட்டால் அலட்சியம் வேண்டாம். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். நாயைப் போலப் பூனையாலும் ரேபிஸ் பரவும். பூனைக்கான ரேபிஸ் தடுப்பூசியைத் தவறாமல் போடுங்கள்.

லிட்டர் பாக்ஸை ஏன் தவிர்க்கிறது?

மண்ணைத் தோண்டி மூடுவது பூனைக்குப் பிறவிப் பழக்கம். அது தவறுகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது லிட்டர் பாக்ஸைத்தான்.

* எத்தனை? பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று அதிகம். ஒரு பூனைக்கு இரண்டு.
* எவ்வளவு பெரியது? மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரையிலான நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு. சிறிய ட்ரேயைவிடப் பெரிய பிளாஸ்டிக் டப் நல்லது.
* எங்கே? அமைதியான இடத்தில். திடீரென அதிரும் வாஷிங் மெஷின் பக்கத்திலோ, சாப்பாட்டுக் கிண்ணத்தின் அருகிலோ வேண்டாம்.
* எப்போது சுத்தம்? தினமும், முடிந்தால் இரண்டு முறை.
* வாசனை லிட்டர்? நமக்குத்தான் அது நறுமணம். வாசனையில்லாத, மென்மையான லிட்டரையே பெரும்பாலான பூனைகள் விரும்புகின்றன. பிராண்டை மாற்றினால் பழையதோடு கலந்து, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள்.

நனைந்த இடத்தை ஃபினாயில் ஊற்றித் துடைப்பது நம் வீடுகளின் வழக்கம். ஃபீனால் வகை ரசாயனங்களை வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. துடைத்த தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினாலே ஆபத்து. சிறுநீர் வாடையை உடைக்கும் என்சைம் கிளீனர்கள் செல்லப்பிராணி கடைகளில் கிடைக்கின்றன. வாடை மிச்சமிருந்தால் பூனை அதே இடத்துக்குத் திரும்பி வரும்.

நின்றபடி, வாலை உயர்த்தி நடுக்கி, சுவரிலோ திரைச்சீலையிலோ பீய்ச்சி அடிக்கிறதா? அது கழிப்பறைப் பிரச்சினை இல்லை, எல்லை குறிப்பது. கருத்தடை செய்யாத ஆண் பூனைகளிடம் இது அதிகம். கருத்தடைக்குப் பிறகு பெரும்பாலான பூனைகளிடம் இந்தப் பழக்கம் நின்றுவிடும் அல்லது வெகுவாகக் குறையும். 5 மாத வாக்கிலேயே இதுபற்றி மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது.

வீட்டில் ஒருவர் கர்ப்பமானதும் பூனையை அனுப்பிவிடச் சொல்பவர்கள் உண்டு. டாக்ஸோபிளாஸ்மா கிருமி பற்றிய பயம்தான் காரணம். பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. பூனையின் மலத்தில் வரும் அந்தக் கிருமி தொற்றும் நிலையை அடையக் குறைந்தது ஒரு நாள் ஆகும். எனவே லிட்டரைத் தினமும் அகற்ற வேண்டும், அந்த வேலையை வேறொருவர் செய்ய வேண்டும். சரியாக வேகாத இறைச்சி, தோட்டத்து மண், கழுவாத காய்கறி வழியாகவும் இந்தத் தொற்று வரும். பூனையை வெளியேற்றுவதற்கு முன் மகப்பேறு மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இது மட்டும் அவசரம்: ஆண் பூனை சிறுநீர் கழிக்கச் சிரமப்பட்டால்

மெத்தையை நனைத்த சிம்பாவிடம் திரும்புவோம். இத்தனை மாதம் லிட்டர் பாக்ஸைச் சரியாகப் பயன்படுத்திய பூனை, திடீரென மாறியது ஏன்? ‘பழிவாங்குது’ என்பது நம் கற்பனை. வலிக்கிறது என்பது பல நேரம் உண்மை. லிட்டர் பாக்ஸில் உட்காரும்போது எரிச்சல் இருந்தால், ‘இந்த இடம்தான் வலிக்கிறது’ என்று நினைத்து மெத்தைபோன்ற மென்மையான இடத்தைப் பூனை தேடும்.

ஆண் பூனையின் சிறுநீர்ப் பாதை மிகக் குறுகலானது. வீக்கம், படிகம், சளி ஆகியவற்றால் அது அடைத்துக்கொள்ளலாம். முழுதாக அடைத்துக்கொண்டால் கழிவு ரத்தத்தில் சேரும், பொட்டாசியம் ஏறி இதயத்தைப் பாதிக்கும். ஓரிரு நாள்களிலேயே உயிர் போகலாம். இந்த அறிகுறிகளில் எதைப் பார்த்தாலும் நாளை என்று தள்ளிப்போடாதீர்கள்:

* லிட்டர் பாக்ஸுக்கு அடிக்கடி போய், நெடுநேரம் குந்தி முக்குவது
* சொட்டுச் சொட்டாக வருவது, அல்லது எதுவுமே வராதது
* சிறுநீரில் ரத்தம், இளஞ்சிவப்பு நிறம்
* முக்கும்போது கத்துவது, அந்த இடத்தை விடாமல் நக்குவது
* சாப்பிடாமல் சுருண்டு படுப்பது, வாந்தி

முக்குவதைப் பார்த்து மலச்சிக்கல் என்று நினைத்து, ஒரு நாளை வீணாக்குவதும் நடக்கிறது. இரவாக இருந்தாலும் கிளம்ப வேண்டிய விஷயம் இது. அதனால் அவசர சிகிச்சை தரும் கால்நடை மருத்துவமனை உங்கள் பகுதியில் எது, எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்பதை இன்றே விசாரித்து, எண்ணை போனில் சேமித்துவிடுங்கள்.

வலிக்கிறதே என்று வீட்டிலிருக்கும் பாரசிட்டமால் மாத்திரையைக் கொடுத்துவிடவே கூடாது. ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

அவசர நேரத்தில் பூனையை கேரியருக்குள் ஏற்றுவதே பெரும் போராட்டம். கேரியரைப் பரண்மேல் வைக்காமல், மெத்தென்ற துணி விரித்து, கதவைத் திறந்து ஹாலிலேயே போட்டுவையுங்கள். தினமும் உள்ளே ஒரு துண்டு தின்பண்டம். சில வாரத்தில் அதுவே தூங்கும் இடமாகிவிடும். மொத்தப் பயிற்சியிலும் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள்.

வேலைக்குப் போகும் வீட்டில் எங்கிருந்து தொடங்குவது?

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முடியாது. 2 வாரத்துக்கு இப்படித் திட்டமிடலாம்:

* முதல் 3 நாள்: எதையும் மாற்றாமல் கவனியுங்கள். எந்த நேரம், எந்த இடம், அதற்கு முன் என்ன நடந்தது, அதன்பின் பூனைக்கு என்ன கிடைத்தது என்று போனில் குறித்துவையுங்கள். நடத்தை திடீரென மாறியிருந்தால் முதலில் மருத்துவரிடம் போங்கள்.
* 4 முதல் 7-ம் நாள் வரை: இரண்டாவது லிட்டர் பாக்ஸ், சணல் கயிற்றுக் கட்டை, ஜன்னலோரம் உயரமான ஓர் இருக்கை. பால்கனிக்கும் ஜன்னலுக்கும் வலை அடியுங்கள், மாடியிலிருந்து விழும் பூனை எப்போதும் நான்கு காலில் பத்திரமாக இறங்கும் என்பது வெறும் நம்பிக்கை.
* இரண்டாவது வாரம்: காலை, மாலை 5 நிமிடப் பயிற்சி. இரவு விளையாட்டு, பிறகு சாப்பாடு. உணவில் ஒரு பங்கைக் கிண்ணத்தில் கொட்டாமல், ஓட்டை போட்ட அட்டைப்பெட்டிக்குள் வைத்துத் தேடி எடுக்க விடுங்கள். ஆளில்லாத பகல் நேரத்துக்கு அதுதான் வேலை.

இவ்வளவு செய்தும் கடியும் பயமும் குறையவில்லை என்றால், குறிப்புகளோடும் ஒரு வீடியோவோடும் கால்நடை மருத்துவரைப் பாருங்கள். நீங்கள் வாயால் விவரிப்பதைவிட அந்த 30 நொடி வீடியோ அவருக்கு அதிகம் சொல்லும்.

மீன் மார்க்கெட்டா, மருத்துவமனையா?

இனி அந்த ஃபிளாட்டில் என்ன நடக்கலாம்? சனிக்கிழமை காலை. பை தயார். அம்மா சொன்னபடி கிளம்பும் நேரத்தில், சிம்பா லிட்டர் பாக்ஸில் குந்தியிருக்கிறது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் ஆகிறது, எதுவும் வரவில்லை. இறங்கி, இரண்டடி நடந்து, மறுபடியும் போய்க் குந்துகிறது.

கெட்ட பழக்கம் என்று பார்த்தால், வண்டி மீன் மார்க்கெட் பக்கம் போகும். அங்கே சிம்பா அன்றிரவையோ மறுநாளையோ தாண்டாமல் போகலாம். ஏதோ சொல்கிறது என்று பார்த்தால், அதே வண்டி கால்நடை மருத்துவமனைக்குப் போகும். குழாய் போட்டு அடைப்பை நீக்கி, சில நாள் மருந்து கொடுத்து, உணவையும் தண்ணீர் குடிக்கும் அளவையும் சரிசெய்தால், பெரும்பாலான பூனைகள் வீடு திரும்பிவிடும். சிகிச்சைக்குப் பிறகும் அடைப்பு திரும்ப வரலாம் என்பதால், லிட்டர் பாக்ஸின்மேல் ஒரு கண் இருந்துகொண்டே இருக்க வேண்டும்.

அதிகாலை 4 மணிக்குக் கேட்கும் மியாவுக்கும் சோஃபா கீறலுக்கும் மெத்தை ஈரத்துக்கும் பதில் வெவ்வேறு. ஆனால் கேள்வி ஒன்றுதான். ‘இதை எப்படி நிறுத்துவது?’ என்பதற்கு முன், ‘இதற்கு என்ன வேண்டும், எங்கே வலிக்கிறது?’ என்று கேட்டுப் பாருங்கள். பூனையைப் பழக்குவது அங்கேதான் தொடங்குகிறது.